ஒய் பூச்சியம் அல்ல

நானும் என் மனைவி பூங்காவனமும் சேர்ந்தால் எப்போதும் ஒரே அளவுதான். நான் பெருத்தால் அவள் சிறுப்பாள். என் அளவின் வர்க்கத்தையும் அவள் அளவின் வர்க்கத்தையும் கூட்டினால் வருகிற எண் கல்யாண நாளிலிருந்து மாறவில்லை.

எங்கள் தெருவில் ஒவ்வொரு தம்பதிக்கும் இப்படி ஒரு சமன்பாடு உண்டு. முகூர்த்தத்தில் அதை வாசிப்பார்கள். எங்களுடையதை வாசிக்கும்போது கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. பிற்பாடு நானே அளந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டேன். நான் கணக்கு வாத்தியார்.

எதிர்வீட்டு லோகநாதன் கதை வேறு. அவர் மனைவி எப்போதும் அவரைப்போல இரண்டு மடங்கு, கூடக் கொஞ்சம். லோகநாதனை அளந்தால் போதும், அந்த அம்மாளைப் பார்க்காமலேயே அளவு சொல்லிவிடலாம். ஜாக்கெட் தைக்கக்கூட லோகநாதன்தான் தையல் கடைக்குப் போய் நிற்பார். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு வெளிப்படு சார்பு என்று பெயர்.

நாங்கள் உட்படு சார்பு. இரண்டு பேரும் சமன்பாட்டின் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கிறோம். என்னை மட்டும் அளந்து அவளைச் சொல்ல முடியாது. டெய்லர் எங்களுக்குத் துணி தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கல்யாணமான புதிதில் நான் ஒன்றுமே இல்லை. பூங்காவனம்தான் எல்லாம். என்னை முந்தானையில் முடிந்துகொண்டு மார்க்கெட்டுக்குப் போவாள். முடிச்சுக்குள் ஏலக்காய் வாசனையாக இருக்கும். அப்போது எங்கள் வீட்டுத் தரை சமமாக இருந்தது. எலுமிச்சம்பழத்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். நான் ஒரு சுற்றுப் பெருத்தாலும் அவளிடம் ஒரு நூல்கூடக் குறையாது.

பிறகு நான் பெருக்கப் பெருக்க, அவள் இறங்கும் வேகத்துக்குத் தகுந்தபடி தரை சாய ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் சமமாக இருந்த வருடம், கூடத்திலிருந்து சமையலறைக்குக் கயிறு பிடித்து இறங்கினோம். உறவுக்காரர்கள் என்னைப் பார்த்து, கல்யாணம் வாத்தியாருக்கு நன்றாக ஒத்துக்கொண்டது என்றார்கள். அவளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவள் என் கையால் ஒரு முழ உயரம். தரை கிட்டத்தட்டச் சுவராகிவிட்டது. நான் சாப்பிட்டால் பெருக்கிறேன். நடந்தால் பெருக்கிறேன். தும்மினால்கூடக் கொஞ்சம். முன்பெல்லாம் ஒரு விருந்துச் சாப்பாட்டுக்கும் அசையாதவள், இப்போது நான் ஒரு கொட்டாவி விட்டால் ஒரு விரற்கடை இறங்கிவிடுகிறாள். பட்டினி கிடந்து பார்த்தேன். இருந்த இடத்தில் நின்றேனே தவிர, பின்னால் போகவில்லை. எங்கள் சமன்பாட்டில் எக்ஸ் பின்னால் போகாது.

"வயிறு காயறதால என்ன ஆவப்போவுது?" என்றாள் பூங்காவனம். "தரை இப்படி நின்னுடுச்சுன்னா பாத்திரத்தையெல்லாம் எங்க வைக்கிறது? அதை யோசிங்க."

நான் அதை யோசிக்கவில்லை. அவள் இல்லாமல் போய்விடுவாள் என்பதை மட்டும்தான் யோசித்தேன்.

லோகநாதன் வாசலில் நின்று கூப்பிட்டார். தரைக்குப் பயந்து அவர் உள்ளே வருவதில்லை.

"சார், பிரிப்பு ஆபீசுக்குப் போய்ட்டு வந்துடுங்க. அம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு பிரிச்சு விட்ருவாங்க. அப்புறம் நீங்க எவ்ளோ பெருத்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"நிஜமாவா?"

"எங்க மாமா அப்படித்தான் பிரிச்சுக்கிட்டாரு."

"இப்போ எப்படி இருக்காரு?"

"தனியா இருக்காரு."

பூங்காவனத்தை ஒயர் கூடையில் வைத்தேன்.

"வெங்காயம் வாங்குற கூடையில என்னைப் போடறீங்க."

"கழுவிட்டேன்."

"துண்டை விரிங்க. பிரிக்கறதுன்னா நான் வரல, சொல்லிட்டேன்."

"சும்மா கேட்டுட்டு வரலாம்."

நடந்தால் அவளுக்கு ஆகாது என்பதால் ஆட்டோவில் போனோம். ஆட்டோ எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தத் தெரு எங்கள் தெருவாகவே இருந்தது. எல்லா வாசலிலும் லோகநாதன் நின்று கையசைத்தார். கடைசியில் ஒரு வாசலில் அவர் இல்லை. அதுதான் பிரிப்பு அலுவலகம்.

கூடத்தின் நடுவே இரண்டு தண்டவாளங்கள் இணையாகப் போயின. அதுதான் சமக்குறி. கவுண்டரில் ஒரு பெண்மணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ் யாரு?"

"நான்."

"ஒய்?"

கூடையைக் காட்டினேன்.

"ஒய்ய எறக்கி அங்கயே விடுங்க. நீங்க தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வாங்க."

தாண்டினேன். பக்கம் மாறினால் குறி மாறும். என் கைக்கடிகாரம் வலது கைக்குப் போயிற்று. சட்டைப் பை இடம் மாறியது. எனக்கு உயிரான கத்தரிக்காய் சுத்தமாகப் பிடிக்காமல் போனது.

"இப்போ வர்க்கமூலம் எடுக்கணும். கண்ணை மூடிக்கங்க."

மூடித் திறந்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பூங்காவனங்கள் நின்றார்கள். அதே உயரம். அதே சுங்குடிச் சேலை.

"இது என்னங்க?"

"ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். வர்க்கமூலம் எடுத்தா அப்படித்தான் வரும். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளா இருக்கு, வாத்தியாருக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒரு மனைவிதான்."

"அதான் நாங்களும் சொல்றோம். ஒரு எக்ஸுக்கு ஒரு ஒய்தான் குடுப்போம். யாரு வேணும்னு சொல்லுங்க."

"இன்னொருத்தி?"

"அவங்கள நாங்க பாத்துக்கறோம்."

"எப்படிப் பாத்துப்பீங்க?"

அவர் ஒரு கடலையை உரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

நான் இரண்டு பேரிடமும் கேட்டேன்.

"வீட்டுக்குப் போலாமா?"

"சரிங்க," என்றாள் ஒருத்தி.

"நான் வரல," என்றாள் மற்றவள்.

"இந்தச் சட்டை எப்படி இருக்கு?"

"ராசா மாதிரி இருக்கீங்க."

"சகிக்கல."

என் பூங்காவனம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். சகிக்கல என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே காலரைச் சரிசெய்து விடுவாள். சோறு கிடையாது என்று கத்திக்கொண்டே தட்டை வைப்பாள். இந்த இருவரில் யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் பாதியைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். மிச்சப் பாதி இங்கே கடலைத் தொலியோடு கிடக்கும்.

"எனக்குப் பிரிக்க வேண்டாம்," என்றேன்.

"அப்போ மேல போங்க. உட்படு பிரிவு. ஆனா அங்க எதையும் பிரிச்சுத் தர மாட்டாங்க. நீங்க அசைஞ்சா அவங்க எவ்ளோ அசையறாங்கன்னு மட்டும்தான் சொல்வாங்க."

திரும்பித் தாண்டினேன். கடிகாரம் இடது கைக்கு வந்தது. இரண்டு பேரையும் ஒரே கூடையில் உட்கார வைத்தேன். ஒருத்தி நன்றி சொன்னாள், ஒருத்தி திட்டினாள். படியேறும்போது கூடையின் எடை ஒருத்தியின் எடையானது.

"துண்டு கசங்கிப் போச்சு, ஒழுங்கா விரிங்கன்னு சொன்னேன்ல," என்றது கூடை. "மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு. ஒரு நிமிஷம் நில்லுங்க."

என் பூங்காவனம்தான். சந்தோஷத்தில் அப்படியே நின்றேன். ஆனால் படியேறியதற்கான விலை தெரிந்தது. அவள் என் உள்ளங்கை உயரத்துக்கு வந்துவிட்டாள்.

மாடியில் ஒரு நீண்ட நடை இருந்தது. நான் ஓர் அடி வைத்தால் அது ஓர் அடி நீண்டது. கடைசியில் இருந்த கதவு கடைசியிலேயே இருந்தது.

"நடக்காதீங்க," என்றாள் பூங்காவனம். "வேணும்னா அவங்க வரட்டும்."

நின்றேன். கதவு வந்து சேர்ந்தது.

உள்ளே ஒரு கரும்பலகை. பலகைக்கு முன்னால் தெய்வசிகாமணி. என் பழைய மாணவன். காலில் விழுந்தான். என் வயிற்றுக்குக் கீழே கால் எங்கே என்று தேட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சார், நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதான் எனக்குச் சோறு போடுது."

தெய்வசிகாமணி உட்படு சார்பில் எல்லாக் கணக்கிலும் ஒரே தப்பைச் செய்வான். எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் இரண்டு எக்ஸ். அதைச் சரியாக எழுதுவான். ஒய் வர்க்கத்தை வகையிட்டால் இரண்டு ஒய் எழுதி, பக்கத்திலேயே டி ஒய் பை டி எக்ஸ் என்று போட வேண்டும். எக்ஸ் ஓர் அடி நகர்ந்தால் ஒய் எவ்வளவு நகரும் என்பதுதான் அது. அதை அவன் போட மாட்டான். இரண்டு ஒய்யோடு நிறுத்திவிட்டுப் பேனாவை மூடிவிடுவான். "அதுவும் மாறுதுடா, அது என்ன கல்லா?" என்று நான் கத்துவேன். ஒவ்வொரு தேர்விலும் அரை மார்க் குறைப்பேன். ஸ்டெப் மார்க் வாங்கியே பாஸாகி, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"பிரிக்கவே வேணாம் சார். கலந்து இருக்கறபடியே பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்தான். மேசைமேல் பூங்காவனம் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

இரண்டு எக்ஸ் எழுதினான். கூட்டல் குறி போட்டான். இரண்டு ஒய் எழுதினான். பூச்சியத்துக்குச் சமம் என்று முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

பூங்காவனம் நின்றுவிட்டாள்.

கண் இமைக்கவில்லை. கூடையைப் பிடித்த விரல் அப்படியே இருந்தது. நான் பதறிப்போய் எழுந்தேன். அவள் சிறுக்கவில்லை. அறையைச் சுற்றி நடந்தேன். சிறுக்கவில்லை. குதித்தேன். நான் பெருத்தேன், அவள் ஒரு நூலும் குறையவில்லை. பலகையில் அவள் பக்கத்தில் எதுவும் இல்லாததால் அவள் மாறிலியாகிவிட்டாள்.

"பாத்தீங்களா சார், முடிஞ்சுது," என்றான் தெய்வசிகாமணி. "இனிமே நீங்க நிம்மதியா சாப்பிடலாம்."

நான் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். மூக்குத்தி இருந்தது. நெற்றியில் குங்குமம் கலையாமல் இருந்தது. இப்படியே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஷோகேஸில் வைக்கலாம். நான் சாகும்வரை இந்த உயரத்திலேயே இருப்பாள். எனக்கு அந்த ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பூங்காவனம்," என்றேன்.

பதில் இல்லை.

"சட்டை எப்படி இருக்கு?"

சகிக்கல என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் எழுந்து போய் அவன் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினேன். இரண்டு ஒய்க்குப் பக்கத்தில் டி ஒய் பை டி எக்ஸ் என்று எழுதினேன். கோடு கோணலாக விழுந்தது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் பூங்காவனம். மூக்கைச் சொறிந்துகொண்டாள். சொறியும்போதே, நான் நடந்ததும் குதித்ததும் எழுதியதும் எல்லாம் சேர்ந்து, என் கட்டைவிரல் அளவுக்கு இறங்கிவிட்டாள்.

தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தான். "மறந்துட்டேன் சார்."

"நீ எப்பவும் மறப்ப. மீதியைப் போடு."

போட்டான். இந்த முறை சரியாக வந்தது. மைனஸ் எக்ஸ் பை ஒய். நான் எவ்வளவோ அது மேலே. அவள் எவ்வளவோ அது கீழே.

"விடைக்குள்ளயும் அம்மா இருக்காங்க சார்."

"எடுக்க முடியாதா?"

"கீழ கவுண்டர்ல எடுப்பாங்க. இந்தப் பிரிவுல எடுக்க மாட்டோம். இங்க விடைன்னா ரெண்டு பேரும்தான்." பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இப்போ அவங்க கொறையக் கொறைய இது பெருசாவும். நீங்க ஒரு துளி அசைஞ்சா அவங்க நெறைய எறங்குவாங்க. அப்புறம் அவங்க பூச்சியமானா..."

"ஆனா?"

"அது பாடத்துல இல்ல சார். நீங்கதான் நடத்தல. ஒய் பூச்சியம் அல்லன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதிட்டு மேல போங்கடான்னு சொல்வீங்க."

உண்மைதான். அப்படி எழுதாதவனுக்கு அரை மார்க் குறைப்பேன். பூச்சியமானால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"அசையாம இருந்தா?" என்று கேட்டேன்.

"நீங்க அசையலன்னா அவங்களும் அசைய மாட்டாங்க சார். ஆனா எவ்ளோ நேரம் இருப்பீங்க?"

பூங்காவனத்தை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது ஆட்டோ தெருவைத் தேடவில்லை. அலுவலக வாசலைத் தாண்டியதும் எங்கள் வீட்டு வாசல் இருந்தது.

உள்ளே தரை ஒரு நூல் குறையாக நின்றுவிட்டிருந்தது. பாத்திரங்கள் எல்லாம் பின்பக்கச் சுவரில் குவிந்து கிடந்தன. நான் நிலைப்படியில் முதுகை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். இடது கையை முழங்கால்மேல் வைத்தேன். உள்ளங்கையில் பூங்காவனம் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆணியில் கட்டியிருந்த சொம்பு வலது கைக்குப் பக்கத்தில் தொங்கியது. அதற்குப் பிறகு நான் அசையவில்லை.

வெயில் வாசலுக்கு வந்தது. லோகநாதன் ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து நிலைப்படி ஓரமாக வைத்தார். தட்டு வழுக்கிக்கொண்டு போய்ப் பாத்திரங்களில் விழுந்தது.

"சார், பிரிச்சாச்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எதிர்வீட்டில் அவர் மனைவி இரண்டு மடங்கும் கொஞ்சமும் அழுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க," என்றாள் பூங்காவனம்.

"ம்." உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

"முகூர்த்தத்துல நம்ம கணக்கை வாசிச்சாங்களே, எனக்குக் கேட்டுச்சு."

"கெட்டிமேளம் கொட்டினாங்களே."

"உங்க பக்கம்தான் மேளம். எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"புரிஞ்சுதா?"

"ஏன், நான் என்ன மக்கா? நீங்க ஏறுவீங்க, நான் எறங்குவேன். அவ்ளோதானே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு வாய் சோறு சாப்பிட்டிருப்பீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தோள் குலுங்கும். அழாமல் இருந்தேன். அவள் கையில் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்தையும் மனசுக்குள் எண்ணினேன். அவள் என் கட்டைவிரலில் சாய்ந்துகொண்டு தெருவை வேடிக்கை பார்த்தாள்.

வெயில் ஏறி நிலைப்படிக்கு வந்தது. அவள்மேல் விழுந்தது. கையை மறைப்பாக வைக்கக்கூட முடியாது.

"ஏங்க, தாகமா இருக்கு."

சொம்பு பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இப்போது நான் எவ்வளவு, அவள் எவ்வளவு, தரை எவ்வளவு சாய்வு. கை அவ்வளவு தூரம் நகர்ந்தால் அவள் இறங்க வேண்டிய அளவு, அவளிடம் இருப்பதைவிட அதிகமாக வந்தது. எங்காவது குறியைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்று மறுபடி போட்டேன். வேறு வழியில் போட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வழி சரியாக இருந்தது.

"கணக்கு போடறீங்களா?"

"ஆமா."

"என்ன வந்துது?"

நான் சொல்லவில்லை.

"எனக்கும் அதான் வந்துது," என்றாள்.

"இப்படியே இருந்துடலாம், பூங்காவனம்."

"இருக்கலாம்." உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். "தாகமா இருக்குங்க."

அவளை மாறிலியாக விட்டிருந்தால் தாகம் எடுத்திருக்காது. பக்கத்தில் டி ஒய் பை டி எக்ஸ் போட்டது நான்தான். மறுபடி அதே பலகை முன்னால் நின்றாலும் போடுவேன்.

கையை நீட்டினேன். மெதுவாக நீட்டினேன். சொம்புக்குள் விரல் நுனியை நனைத்து, ஒரு சொட்டை அவளிடம் கொண்டுபோனேன். அவள் எவ்வளவு இருந்தாளோ தெரியவில்லை. என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி தெரிந்தது.

"சொம்பைத் தேய்க்கவே இல்லயா? என்னமோ வாசனை அடிக்குது," என்றாள். "நல்லா ஜில்லுன்னு இருக்குங்க."

உள்ளங்கையில் பாதிச் சொட்டு இருந்தது.

தரை முழுசாக நின்றது. பாத்திரங்கள் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்தன. நான் நிலைப்படியில் தொங்கிக்கொண்டு அழுதேன். தோள் குலுங்கியது, நிலை குலுங்கியது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் குலுங்கலாம். எதுவும் குறையாது.

அழுதுகொண்டே கூட்டிப் பார்த்தேன். என் வர்க்கம், பூங்காவனத்தின் வர்க்கம். சரியாக வந்தது.